சாலை ஒன்று, ஓனர் பலர்: சென்னைச் சாலைச் சேவை எப்படி இருக்கிறது?

சென்னையில் சாலை என்பது இரண்டு பில் கட்டி வாங்கும் சேவை. வண்டி வாங்கும்போது கட்டும் சாலை வரி மாநில அரசுக்குப் போகிறது. அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் சொத்து வரி மாநகராட்சிக்குப் போகிறது. பணம் வாங்கும் இடத்தில் குழப்பமே கிடையாது. பொருள் பழுதாகும்போதுதான் "அது எங்க ரோடு இல்லைங்க" என்ற பதில் வரும்.

பள்ளங்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். இங்கே பார்ப்பது அதற்கு முந்தைய கட்டத்தை. சாலையின் மட்டம், சரிவு, நடைபாதை அகலம், முனை வளைவு இதையெல்லாம் வரைவது யார், அந்தப் பொறுப்பு மாநில அரசுக்கும் மாநகராட்சிக்கும் இடையில் எப்படிப் பிரிந்திருக்கிறது, அந்தப் பிரிவினை எங்கே வேலை செய்கிறது, எங்கே சொதப்புகிறது என்பதுதான் விஷயம்.

முதலில் சொத்துப் பட்டியல். 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. இந்தப் பரப்புக்குள் மாநகராட்சியின் பேருந்து சாலைகள் ஏறத்தாழ 387 கிலோமீட்டர். உட்புறத் தெருக்கள் 5,000 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் ஊருக்கு முதுகெலும்பாக இருக்கும் அண்ணா சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலை, நூறடி ரோடு என்கிற உள்வட்டச் சாலை, சர்தார் படேல் சாலை எல்லாம் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில். ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலை இன்னொரு கணக்கு: மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டர், தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்தின் துணை நிறுவனத்தின் பொறுப்பு. 118.9 கிலோமீட்டர் நீள மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கும் இடங்களில் தடுப்புத் தகடு நிற்கும்வரை மெட்ரோ நிறுவனமும் ஒரு பங்காளி.

மாநகராட்சிக்குள்ளேயும் ஒரு பாகப்பிரிவினை உண்டு. பேருந்து சாலைகளை ரிப்பன் மாளிகையில் உள்ள பேருந்து சாலைகள் துறை பார்க்கிறது. உட்புறத் தெருக்களை மண்டல அலுவலகம் பார்க்கிறது. மழைநீர் வடிகால், மின்விளக்கு இரண்டும் தனித்தனித் துறைகள். ஒரே வீட்டில் நாலு அடுப்பு.

ஒரு சாலை யாருடையது என்று பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. 'ஹை ரோடு' என்று முடிவதால் அது நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தமாகிவிடாது. அது வெள்ளைக்காரன் காலத்துப் பெயர், அவ்வளவே. மாநகராட்சியின் தெருப் பெயர்ப் பலகை இருப்பதும் சான்று ஆகாது. புறநகர்ப் பக்கம் கிலோமீட்டர் கல் மிச்சமிருந்தால் பாருங்கள்: தலையில் மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. நகருக்குள் பெரும்பாலும் அந்தக் கல்லும் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 13-ஆவது இனம் சாலைகளை மாநிலத்துக்குக் கொடுக்கிறது. 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது திருத்தம் கொண்டுவந்த 12-ஆவது அட்டவணையில் 4-ஆவது இனமாக 'சாலைகளும் பாலங்களும்' இருக்கிறது, அது நகராட்சிகளுக்கு. ஆனால் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றம் வழங்க 'லாம்' என்றுதான் 243-W பிரிவு சொல்கிறது. அந்த 'லாம்'-இல் தொங்கிக்கொண்டிருக்கிறது மொத்த ஏற்பாடும். எந்தச் சாலையைத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001-இன் கீழ் வைத்துக்கொள்வது, எதை மாநகராட்சிக்கு விடுவது என்பதை மாநில அரசே முடிவு செய்கிறது.

நீளவாக்கில் இப்படிப் பிரிப்பதில் தவறே இல்லை. 'இந்த முனையிலிருந்து அந்த முனை வரை உன்னுடையது' என்றால் வேலை நடக்கும். டெல்லியில் 60 அடியும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலைகள் பொதுப்பணித் துறைக்கு, மற்றவை மாநகராட்சிக்கு என்று டேப் பிடித்துப் பிரித்திருக்கிறார்கள். ஓனரைக் கண்டுபிடிக்க டேப் போதும் என்பதே ஒரு வசதிதான்.

சென்னையில் வம்பு வருவது குறுக்குவாக்கில். நெடுஞ்சாலைத் துறையின் ஒரு சாலையைச் சுவரிலிருந்து சுவர் வரை குறுக்கே வெட்டிப் பாருங்கள். தார்ப்பரப்பும் மீடியன் என்கிற நடுத்தடுப்பும் நெடுஞ்சாலைத் துறை. ஓரத்து வடிகால் பெரும்பாலும் அவர்களே கட்டியது. அது போய்ச் சேரும் குறுக்குத் தெரு வடிகால் மாநகராட்சியுடையது. கடைசியில் விழும் கால்வாய் பல இடங்களில் நீர்வளத் துறையுடையது. தெருவிளக்கு மாநகராட்சி. குப்பை அள்ளுவதும் மாநகராட்சி. சிக்னல் போக்குவரத்துக் காவல். பஸ் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது மாநகரப் போக்குவரத்துக் கழகம், நிழற்குடை மாநகராட்சி. தரைக்கடியில் குடிநீரும் கழிவுநீரும் மெட்ரோ வாட்டர். நடைபாதையில் நிற்கும் பில்லர் பாக்ஸ் மின்வாரியம். இத்தனை பேரும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரே வரைபடம் இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. ஆளுக்கொரு எஸ்டிமேட், ஆளுக்கொரு டெண்டர்.

இதன் விளைவை அருகில் பார்க்க ஒரு ஜீப்ரா கிராசிங் போதும். கோடு போடுவது சாலைக்காரர். கோடு முடியும் இடத்தில் நடைபாதையைத் தாழ்த்திச் சரிவு கொடுக்க வேண்டியது நடைபாதைக்காரர். நடப்பவருக்குச் சிக்னல் வைப்பது காவல்துறை. இரவில் அந்த இடத்தில் வெளிச்சம் விழும்படி கம்பம் நடுவது மின்விளக்குத் துறை. மீடியனில் இடைவெளி விட வேண்டியது மறுபடியும் சாலைக்காரர். ஐந்தில் ஒன்று தவறினாலும் கிராசிங் செத்துவிடும். கோடு போய்க் கம்பித் தடுப்பில் முட்டுவதும், 15 சென்டிமீட்டர் உயரக் கல்லில் சக்கர நாற்காலி நிற்பதும் இப்படித்தான். இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 நெறிமுறை சரிவு 1:12 என்கிறது. அதாவது 150 மி.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம். குடியிருப்புப் பகுதி நடைபாதைக்கு அது கேட்கும் குறைந்தபட்ச அகலமே 1.8 மீட்டர்தான். முழு அகலத்தையும் சரிவே தின்றுவிடும் என்பதால் நடைபாதையையே அந்த இடத்தில் தாழ்த்தி வரைய வேண்டும். அதை யார் வரைவது?

இரண்டாவது, சாலை மட்டம். மறுபூச்சு வேலையில் 50 மி.மீ. அடர் தார்க்கலவையும் அதன்மேல் 40 மி.மீ. மேற்பூச்சும் போடுவதாக வைத்துக்கொள்வோம். மில்லிங் செய்யாமல், அதாவது பழைய தாரைச் சுரண்டாமல், போட்டால் சாலை 90 மி.மீ. ஏறிவிடும். 150 மி.மீ. இருந்த ஓரக்கல் 60 மி.மீ. ஆகிவிடும். அந்த உயரத்தில் எந்த பைக்கும் நடைபாதையில் ஏறும். மேன்ஹோல் மூடி 90 மி.மீ. குழிக்குள் போய்விடும், அதை உயர்த்துவது மெட்ரோ வாட்டரின் வேலை, அவர்கள் வருவது அவர்கள் அட்டவணைப்படி. மழைநீர் உள்வாங்கும் துளையில் பாதி தாருக்குள் புதைந்துவிடும். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுப்பூச்சு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் சுற்றறிக்கை அனுப்பியது இதனால்தான். சுற்றறிக்கை எல்லாத் துறைக்கும் பொது. சுரண்டும் ஆழம் எவ்வளவு என்பது மட்டும் ஒவ்வொரு எஸ்டிமேட்டிலும் வேறு வேறு. 40 மி.மீ. சுரண்டி 90 மி.மீ. போட்டாலும் 'மில்லிங் செய்தோம்' என்று எழுதலாம். சாலை 50 மி.மீ. ஏறியிருக்கும்.

ஏறிய சாலை குறுக்குத் தெருவைச் சந்திக்கும் இடம்தான் இந்தச் சேவையின் மிக மோசமான பகுதி. பிரதான சாலை ஒருவருடையது, தெரு மற்றவருடையது. பிரதான சாலையின் ஒப்பந்தம் எல்லைக் கோட்டில் முடிகிறது. அங்கே 50 முதல் 90 மி.மீ. வரை ஒரு படி நிற்கும். அதைச் சாய்த்து இணைக்க 1:50 சரிவு என்று வைத்தால் 90 மி.மீட்டருக்கு 4.5 மீட்டர் நீளம் தெருவுக்குள் போய்ப் போட வேண்டும். 6 மீட்டர் அகலத் தெரு என்றால் 27 சதுர மீட்டர் தார். ஒரு லோடுகூட ஆகாது. ஆனால் அது 'அடுத்தவர் ரோடு'. அங்கே போட்டால், செய்த வேலையை அளந்து பில்லுக்காக எழுதும் அளவுப் புத்தகத்தில் எழுத முடியாது, தணிக்கையில் கேள்வி வரும். எழுத முடியாத வேலையை ஒப்பந்ததாரர் ஏன் செய்யப் போகிறார்? கடைக்காரர்கள் கட்டட இடிபாட்டைக் கொட்டிச் சமன் செய்கிறார்கள். முதல் மழையில் அது கரைந்து வடிகால் வாய்க்குள் போகிறது.

முனை வளைவும் இதே கதைதான். பெரிய வளைவு வைத்தால் வண்டிகள் வேகம் குறையாமல் திரும்பும், நடப்பவர் கடக்கும் தூரமும் கூடும். சிறிய வளைவு வைத்தால் வேகம் குறையும். அந்த வழியே பஸ் திரும்ப வேண்டுமென்றால் இடிக்கும். நெடுஞ்சாலைப் பொறியாளருக்கு முக்கியம் பிரதான சாலையின் ஓட்டம். வார்டு பொறியாளருக்கு முக்கியம் தெருவாசிகள். இருவர் கவலையும் நியாயமானது. ஒரே தாளில் வைத்துப் பேசி முடிக்க வேண்டிய விஷயத்தை இரண்டு கோப்புகளில் தனித்தனியாக முடிக்கிறார்கள், அதுதான் கோளாறு.

வடிகாலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊர் தட்டை. 300 மீட்டர் வடிகாலுக்கு 1:1000 சரிவு கொடுத்தால் மொத்த இறக்கமே 300 மி.மீ.தான். இதில் 100 மி.மீ. பிழை வந்தால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. பிழை எப்படி வரும்? ஒரு எஸ்டிமேட்டில் மட்டம் கடல்மட்டக் கணக்கில் இருக்கும். இன்னொன்றில் ஏதோ ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரையோ கட்டடப் படியையோ 100.000 என்று வைத்துக்கொண்டு அளந்திருப்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரியான வரைபடங்கள். இரண்டையும் இணைக்கும் இடத்தில்தான் பெரிய சாலையின் வடிகால் அடிமட்டம் தெரு வடிகாலின் அடிமட்டத்தைவிடத் தாழ்ந்திருப்பது தெரியவரும். தண்ணீர் மேலே ஏறாது என்பதால் பெரிய சாலை வடிகால் நீளத் தொட்டியாக மாறிவிடும், வண்டல் படியும், அடுத்த பருவமழைக்குள் பாதி அடைத்துவிடும். தூர் வாருவது யார் என்ற கடிதப் போக்குவரத்து தனி. இதற்கான தீர்வு மலிவானது. எந்தத் துறை வரைந்தாலும் ஒரே நிரந்தர மட்டக்குறியிலிருந்து அளக்க வேண்டும். இணையும் இடத்தின் அடிமட்டத்தை இரு பொறியாளரும் ஒப்பந்தப்புள்ளிக்கு முன்பே ஒரே தாளில் கையெழுத்திட வேண்டும். காங்கிரீட் போட்டபிறகு கையெழுத்து வாங்கிப் பயனில்லை.

நல்ல அனுபவம் தரும் இடமும் உண்டு. பாண்டி பஜார் என்கிற தியாகராய சாலை. 2019 நவம்பரில் நடைபாதை வளாகமாகத் திறந்தார்கள். அகன்ற நடைபாதை, ஒழுங்கான ஓரக்கல், உட்கார இருக்கை. இது ஏன் முடிந்தது? தார்ப்பரப்பு, நடைபாதை, விளக்கு, வடிகால் நான்கும் மாநகராட்சியின் கையில் இருந்தன. வெளியே கேட்க வேண்டியது காவல்துறை, மெட்ரோ வாட்டர், மின்வாரியம், போக்குவரத்துக் கழகம் அவ்வளவுதான். பராமரிப்பில் குறை சொல்லலாம், நடைபாதையில் பைக் நிற்பதைச் சொல்லலாம். ஆனால் வரைபடம் ஒரே மேசையில் பிறந்தது என்பது நடக்கும்போதே தெரியும். ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம்.

அதே மாநகராட்சி 2014-லேயே மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று அது சொன்னது. காகிதத்தில் பிரமாதம். ஆனால் கொள்கை கட்டுப்படுத்துவது அதை ஏற்றவரை மட்டும்தான். கூட்டம் அதிகம் நடக்கும், பஸ் அதிகம் ஓடும் அண்ணா சாலை அந்தக் கொள்கையின் எல்லைக்குள் வராது. அங்கே நெடுஞ்சாலைத் துறையின் முன்னுரிமை வேறு: தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டருக்கு 621 கோடி ரூபாய் மதிப்பீட்டில் நான்குவழி மேம்பாலச் சாலை, அதுவும் மெட்ரோ சுரங்கத்துக்கு மேலே. பொறியியலாகப் பார்த்தால் சவாலான வேலை, மறுக்கவில்லை. மேலே போகும் காருக்குக் கிடைத்த வரைபடக் கவனம் கீழே நடப்பவருக்கும் கிடைக்குமா என்பதைத் திறந்தபிறகு கீழே நடந்து பார்த்துத்தான் மதிப்பெண் போட வேண்டும்.

ஒருங்கிணைக்கவென்றே ஓர் அமைப்பு இருக்கிறது: கும்டா என்கிற சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். சட்டம் 2010-ல் வந்தது. முதல்வர் தலைமையில் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். பன்னிரண்டு வருஷத்தில் பிள்ளை ஏழாம் வகுப்புக்கே போயிருக்கும். மெட்ரோ, பஸ், ரயில் மூன்றையும் ஒரே பயணச்சீட்டில் கோப்பதில் அது ஆர்வம் காட்டுகிறது, நல்லதுதான். ஆனால் ஒரு ஜங்ஷனின் வரைபடத்தில் நெடுஞ்சாலைத் துறையும் மாநகராட்சியும் முரண்பட்டால் 'இதுதான் வரைபடம்' என்று முடித்து வைக்கும் மேசையாக அது மாறாதவரை, நடைபாதையில் நடப்பவருக்கு அது இருப்பதே தெரியாது.

பொறுப்பு பிளந்திருப்பதன் இன்னொரு விளைவு சட்டத்தில் தெரியும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 198-A பிரிவு, சாலை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றின் தரத்தைப் பின்பற்றத் தவறி மரணமோ ஊனமோ ஏற்பட்டால் பொறுப்பான அமைப்புக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. தொகை சிறியது, போகட்டும். 'பொறுப்பான அமைப்பு' எது? இருட்டான கிராசிங்கில் விபத்து என்றால் விளக்குக்காரரா, கோடு போட்டவரா, மீடியனில் இடைவெளி விடாதவரா? ஒரே வரைபடம் இல்லாத இடத்தில் ஒரே பொறுப்பாளரும் இல்லை.

இனி வாடிக்கையாளர் சேவை. மாநகராட்சிக்கு 1913 என்ற எண்ணும் 'நம்ம சென்னை' செயலியும். நெடுஞ்சாலைத் துறைக்கு 2023-ல் வந்த 'நம்ம சாலை' செயலி. பள்ளம் என்றால் இரண்டுமே ஓரளவு வேலை செய்யும், ஏனென்றால் பள்ளத்துக்கு ஓனர் ஒருவர்தான். படி, முனை, வடிகால் இணைப்பு போன்ற எல்லைக்கோட்டுப் புகார்களில் இரண்டுமே திணறும். செயலியின் பட்டியலில் அப்படி ஒரு வகையே இருக்காது. படம் எடுக்கும்போது பழுதை மட்டும் எடுக்காதீர்கள். பக்கத்துத் தெருவிளக்குக் கம்பத்தின் எண், தெருப் பெயர்ப் பலகை, பழுது பிரதான சாலையின் விளிம்புக்கு உள்ளேயா வெளியேயா என்று காட்டும் ஒரு தூரப் படம் மூன்றும் வேண்டும்.

'எங்களுடையது இல்லை' என்று புகாரை மூடிவிட்டால் தகவல் உரிமைச் சட்டம்தான் மேல். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தெரிந்த ஏதாவது ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினால் போதும். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். சாலை யாருடையது என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் கிடைக்கும் ஒரே வழி இது. 'ஏன் சரிசெய்யவில்லை' என்று கேட்காதீர்கள். அதற்குத் தகவல் இல்லை என்பார்கள். கேட்க வேண்டியவை இவை: இந்தச் சாலை எந்தத் துறையின் பதிவேட்டில் எந்த எண்ணில் உள்ளது, கடைசி மறுபூச்சின் தேதி, எஸ்டிமேட்டில் உள்ள மில்லிங் ஆழமும் பூச்சின் தடிமனும், ஒப்பந்ததாரரே பழுதைச் சரிசெய்ய வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதி, குறுக்குத் தெரு இணைப்புக்கான வரைபட நகல். கடைசிக் கேள்விக்கு 'அப்படி வரைபடம் ஏதுமில்லை' என்று பதில் வந்தால் அதையே புகாரின் முதல் இணைப்பாக வைத்து இரு துறைக்கும் சேர்த்து அனுப்பலாம்.

மதிப்பெண் கேட்டால்: மாநகராட்சியின் பேருந்து சாலைகளுக்கு ஐந்துக்கு மூன்று. நெடுஞ்சாலைத் துறையின் தார்ப்பரப்புக்கு மூன்றரை, அதே சாலையின் நடைபாதைக்கு ஒன்றரை. உட்புறத் தெருக்கள் வார்டைப் பொறுத்தது, சராசரி போடுவது நியாயமில்லை. இரண்டு பேருடைய சாலையும் சந்திக்கும் முனைகளுக்கு ஒன்று. அதுவும் கடைக்காரர்கள் கொட்டும் இடிபாட்டுக்காக.

மாற்றம் எங்கிருந்து தொடங்கலாம் என்றால், சாலைகளை ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பெரிய சண்டையெல்லாம் தேவையில்லை. தார் யாருடையதோ அவரே சுவரிலிருந்து சுவர் வரை வரையட்டும். மற்றவர்கள் அந்த வரைபடத்துக்குள் தங்கள் பங்கைச் செய்யட்டும். முனையில் பெரிய சாலைக்காரர் தெருவுக்குள் பத்து மீட்டர் வரை வரைந்து, போட்டு, அளவுப் புத்தகத்தில் எழுத ஓர் அரசாணை போதும். அந்த 27 சதுர மீட்டர் தாருக்கு வழி பிறக்கும்.

அதுவரை, உங்கள் தெருமுனையில் இரவு மில்லிங் இயந்திரம் வந்தால் ஒரு அரையடி ஸ்கேலை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். சுரண்டுவதற்கு முன் ஓரக்கல்லின் வெளித்தெரியும் உயரத்தை அளந்து, ஸ்கேல் தெரியப் படம் எடுங்கள். தார் போட்ட மறுநாள் காலை அதே கல்லில் மறுபடி அளங்கள். 150 மி.மீ. இருந்தது 100 ஆகியிருந்தால், தேதி போட்ட இரண்டு படங்களும் உங்கள் கையில் இருக்கும். இரண்டு துறைக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள்.